சுயாதீனத்துக்கு ஒரு ஓடிபி

உலகத்தில் எத்தனையோ தேசங்கள் எத்தனையோ பேருக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கின்றன. ஆனால் அந்தச் சுதந்திரத்தை நான்கு நகல்களில், இணைப்பு அ முதல் ஊ வரை சேர்த்து, உரிய வழியாக அனுப்பிவைத்த பெருமை நம் அலுவலகங்களுக்கே உரியது. அதைப் பெற்றுக்கொண்ட பாக்கியசாலி, திருமுல்லைவாயில் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் வரலட்சுமி.

பதினெட்டு வருஷ அனுபவம். போதாது என்று சம்பளமில்லா விடுப்பு எடுத்து இரண்டு வருஷம் 'நர்ஸ் பிராக்டிஷனர்' படிப்பு வேறு. சில நோய்களுக்குத் தானே பார்த்துத் தானே மருந்து கொடுக்கலாம் என்கிற தகுதி அது. இந்தத் தகுதியைச் சட்டம் மதிக்க வேண்டாமா? மதித்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தப் புது விதி வருவதற்கு முன்னால் அவள் எவ்வளவு பரிதாபமாக வேலை பார்த்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தெருக்கூட்டும் குப்பம்மா மூச்சிரைத்துக்கொண்டு வந்து நிற்பாள். வரலட்சுமி மேற்பார்வை டாக்டர் நிவேதிதாவுக்கு போன் போடுவாள். "குடும்மா" என்பார் டாக்டர். மருந்து கொடுப்பாள். குப்பம்மா எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு படிவம் கிடையாது, ஒரு முத்திரை கிடையாது, நோயாளி பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த அநியாயத்தைச் சுற்றறிக்கை ஒழித்தது. செவிலியர் இனி 'சுயாதீனமாக' மருந்து வழங்கலாம். வழங்குமுன் மேற்பார்வை மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலைச் செயலியில்தான் கேட்க வேண்டும். மருந்துகள் மின்னணுப் பூட்டு போட்ட அலமாரியில் இருக்கும். மருத்துவரின் செல்போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை அடித்தால் அலமாரி திறக்கும்.

எண்ணைப் பதிவு செய்தவர் தலைமை அலுவலக எழுத்தர் கோகுல்நாத். அரசுப் படிவத்தில் யாருடைய சொந்த எண்ணையும் எழுதக் கூடாது என்பது அவருடைய இருபது வருஷப் பழக்கம். ஆகவே மருத்துவரின் எண் என்ற இடத்தில் அலுவலக லேண்ட்லைன் எண்ணை, அழகான கையெழுத்தில், பூர்த்தி செய்துவிட்டார்.

"சார், லேண்ட்லைனுக்கு மெசேஜ் வராதே" என்று வரலட்சுமி போனில் கேட்டாள்.

"போன் நல்லாத்தாம்மா கீது. நேத்துகூட ராங் நம்பர் வந்துச்சு."

"அதுல எப்படி சார் படிக்கிறது? நம்பரை மாத்திடுங்க."

"மாத்தலாம். திருத்தப் படிவம் போடணும். அதுக்குப் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லு, மாத்திடறேன்."

அதற்கப்புறம் மூன்று வாரம் குப்பம்மாவை ஆட்டோ வைத்து ஆவடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள் வரலட்சுமி. நாலாவது தடவை குப்பம்மா ஆட்டோவில் ஏறாமல் நின்றாள்.

"இன்னா சிஸ்டரு, முன்னெல்லாம் நீயே மருந்து குடுப்ப. படிச்சிட்டு வந்து மறந்துட்டியா?"

வரலட்சுமி அவளைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். சுற்றறிக்கையை எடுத்துக் காட்டவா முடியும்?

இந்நிலையில், சுயாதீன அமலாக்கப் பிரிவின் உதவி இயக்குநர் ஜெயராமன், புதிய பெயர்ப்பலகையைத் திறந்துவைக்க எழுந்தருளினார். 'செவிலியர் சுயாதீனச் சேவை மையம்' என்று பலகை மினுமினுத்தது. அதை மாட்ட வந்த நரைத்த மீசைக்கார இளங்கோ ஏணியில் நின்று டிரில் மெஷினால் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இன்னைலேர்ந்து உங்களைக் கட்டுப்படுத்த யாருமே இல்லை" என்று ஆரம்பித்தார் ஜெயராமன்.

அந்த நேரம் பார்த்து இளங்கோவின் டிரில், சன்ஷேடுக்குக் கீழே குடியிருந்த குளவிக்கூட்டைக் கலைத்தது. குளவிகளுக்கு அரசு அதிகாரி என்ற மரியாதை தெரியவில்லை. கழுத்தில் மூன்று, காதில் ஒன்று. இரண்டே நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, உதவி இயக்குநர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு விசிலடித்தது.

குளவிக் கடி ஒத்துக்கொள்ளவில்லை, உடனே அட்ரினலின் ஊசி போடாவிட்டால் ஆள் போய்விடுவார் என்று வரலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் நிவேதிதாவைக் கூப்பிட்டாள். "போடு, யோசிக்காதே" என்றார் டாக்டர். வாய்மொழி ஒப்புதல் செல்லாது என்பது இணைப்பு இ. செல்லும் என்றாலும் பூட்டுக்குக் காது கிடையாது. செயலியை அழுத்தினாள். 'ஓடிபி அனுப்பப்பட்டது' என்றது. கோகுல்நாத்துக்கு போன் போட்டாள்.

"சார், பூட்டைத் திறக்க வேற வழி இருக்கா?"

"இருக்கே. உதவி இயக்குநர் சிறப்பு அனுமதி குடுக்கலாம்."

"அவருக்குத்தான் சார் மூச்சு நிக்குது."

"அப்போ அவர் இடத்துக்குப் பொறுப்பு அதிகாரி போட்டு ஆர்டர் வரணும்மா. நாளைக்குப் பண்ணிடலாம்."

இளங்கோ ஏணியிலிருந்து இறங்கினார். "தள்ளு சிஸ்டரு. இதுக்கு இன்னாத்துக்கு ஓடிபி" என்று பூட்டில் டிரில்லை வைத்தார். பதினொரு விநாடி. வரலட்சுமி உதவி இயக்குநரின் பேன்ட்டோடு சேர்த்துத் தொடையில் ஊசியை இறக்கினாள். ஆம்புலன்ஸ் வந்தபோது ஜெயராமன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முன் அனுமதியில்லாமல்தான் விட்டார்.

பத்து நாள் கழித்து மெமோ வந்தது. அரசுப் பூட்டைச் சேதப்படுத்தியது, ஓடிபி இன்றி மருந்து வழங்கியது, பயனாளியிடம் எழுத்துபூர்வ சம்மதம் பெறாதது. ஏன் அவளுடைய செவிலியர் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கக் கூடாது? கையொப்பம், ஜெயராமன். பதிவு போனால் அவள் இந்த ஜன்மத்தில் ஊசியைத் தொட முடியாது. நேரில் போய் நின்றாள்.

"சார், அன்னைக்கு நான் அந்த ஊசி போடலைன்னா..."

"தனிப்பட்ட முறையில ரொம்ப நன்றி சிஸ்டர். வீட்ல சாவித்திரி உங்க பேரைச் சொல்லி விளக்கேத்துறா. ஆனா ஃபைல்னு ஒண்ணு இருக்கே."

"ஃபைல்படி நீங்க செத்திருக்கணுமா சார்?"

ஜெயராமன் நேர்மையான மனிதர். ஃபைலைப் புரட்டி நிதானமாக யோசித்தார். "செத்திருந்தா விதிமீறல் எதுவும் நடந்திருக்காது" என்றார். பிறகு இரக்கப்பட்டு, "இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுங்க, விட்டுடலாம்" என்றார்.

வரலட்சுமி அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'இனி யார் மூச்சுத் திணறி விழுந்தாலும், அது தாங்களாகவே இருந்தாலும், ஓடிபி வரும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என உறுதியளிக்கிறேன்.' மனுஷனுக்குச் சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் எழுதினாள்.

அவர் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. பச்சை மையில் 'திருப்தி. ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஏன் திருப்தி என்பது அடுத்த மாதம் புரிந்தது. அலமாரிக்கு டிரில்லாலும் துளைக்க முடியாத பூட்டு வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதிகாரிகளின் ஆய்வுகள் இனி காணொலி வழியாக மட்டுமே நடக்கும். அந்த நிலையத்துக்கு நேரில் வர வேண்டியவர்கள் இனி மூச்சு விட முடியாதவர்கள் மட்டும்தான்.