பெட்டியில் ஒரு குறையும் இல்லை

பாதுகாப்பு என்னும் அரிய பண்பு இந்தப் பூமியில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்கு முழுமுதற் காரணம் திருத்தணி மணவாளன்தான். மலையில் மொட்டை போட்டு இறங்கும் பக்தர்களுக்குத் தொப்பி விற்பது அவர் தொழில். எத்தனை ஊர், எத்தனை தலை! அத்தனையையும் வெயிலிலிருந்து காத்த மகான் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினால், அந்தப் பெட்டிக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

பெட்டியோடு வந்த பாதுகாப்பு விதிகளை அவர் குளித்து, விபூதி பூசி, நின்றபடியே படித்தார். தண்ணீர் ஆகாது, தூசி ஆகாது, காற்றோட்டம் வேண்டும், வெயில் படவே கூடாது. அன்றைக்கே 'நடவடிக்கை' எடுத்தார். பெட்டியின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. அனுசுயாவின் தையல் மிஷனைப் பார்த்து நின்ற டேபிள் ஃபேன் பெட்டியைப் பார்த்துத் திரும்பியது. அனுசுயா அவர் மனைவி. கடைக்கு வேண்டிய தொப்பி முழுக்க அவள் தைத்ததுதான்.

மிச்சம் இருந்தது வெயில். ஜன்னல் வெயில் சாயங்காலம் நேராகப் பெட்டிமேல் விழும். திரை போடலாம், திரையில் தூசி சேரும். மணவாளன் ஆழ்ந்து யோசித்து, தையல் மிஷனை ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவே இழுத்துப் போட்டார். அனுசுயா தைக்க உட்கார்ந்தால் வெயில் அவள் முதுகோடு நின்றுவிடும். பெரிய ஸ்பீக்கர் அவள் வலது காதுக்கு ஒரு முழத்தில் இருந்தது. நீண்ட நேரம் அதிகச் சத்தத்தில் கேட்டால் காது கெடும் என்று கடைசியாக ஒரு விதியும் இருக்கத்தான் செய்தது. காது பெட்டியின் பாகம் அல்ல என்பதால், அது தம் 'வரம்பிற்குள் வராது' என்று மணவாளன் தீர்ப்பளித்தார்.

அனுசுயாவின் தம்பி சக்திவேல் வந்து தொழில்நுட்ப ஆலோசனை வழங்கினான். "புது பைக்க ஓட்டி ஓட்டித்தான பாவா பழக்குவோம். இதுவும் அப்டித்தான். முழுசா தொறந்து வுடுங்க, அப்பத்தான் உள்ள கீற சாமானெல்லாம் செட் ஆவும்."

அன்று முதல் பெட்டி விடிந்தது முதல் பொழுது சாயும்வரை முழு மூச்சில் முருகனை அழைத்தது. மணவாளன் கடையில் இருப்பார். நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அனுசுயாவுடையது.

ஒருநாள் அவள் சொன்னாள். "ஏங்க, ஊய்யினு ஒரு சத்தம் கேட்டுகினே கீது."

மணவாளனுக்குப் பகீரென்றது. "எந்தப் பக்கம்?"

அவள் வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"ரைட் ஸ்பீக்கரா?" பதறிப்போய்ப் பெட்டியை நிறுத்தினார். "இப்ப?"

"இப்பவும் கேக்குது."

பிளக்கைப் பிடுங்கினார். "இப்ப?"

"இப்பவுந்தான்."

"கரண்ட்டே இல்லாம சத்தம் வருதுன்னா, இது சாதாரணக் கோளாறு இல்ல," என்றார் மணவாளன், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"எனக்குக் காதுலதான் என்னமோ ஆயிடுச்சோன்னு பயமா கீதுங்க. அரக்கோணத்துல காது டாக்டர் ஒருத்தர் கீறாராம்."

"அரக்கோணம்தான் போறோம். காலைல கெளம்பு."

அனுசுயாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ராத்திரியே புடவை எடுத்து வைத்தாள். மறுநாள் மின்சார ரயிலில், வெயில் படாத சீட்டாகப் பார்த்துப் பெட்டி உட்கார்ந்தது. பக்கத்தில் மணவாளன் உட்கார்ந்தார். பெட்டியை யாரும் இடித்துவிடாதபடி அனுசுயா குறுக்கே நின்றுகொண்டு வந்தாள்.

அரக்கோணத்தில் ஆட்டோ போய் நின்ற இடம் ஷரீப் பாயின் ரிப்பேர் கடை. பாய் பெட்டியைத் திறந்தார், பாட விட்டார், மூடினார்.

"பொட்டில ஒரு குறையும் இல்லைங்க. சத்தம் யாருக்குக் கேக்குது?"

"இதோ, இவளுக்கு."

"அப்ப இவங்கள டாக்டராண்ட காட்டுங்க சார்."

"டாக்டருக்கு ஸ்பீக்கரப் பத்தி என்னா தெரியும் பாய்?"

ஷரீப் பாய் பலதரப்பட்ட வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். கூலியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எதிர்ச்சாரியிலேயே காது டாக்டரின் போர்டு தெரிந்தது. அனுசுயா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டு…"

"பொட்டிய வெயில்ல வச்சிகினா? நல்லா கீதே கதை. ஆடிக் கிருத்திகை முடியட்டும். சீசன்ல நீ போய்ட்டா தொப்பி யாரு தைக்கிறது?"

கிருத்திகை வந்தது, காவடிகள் ஏறின, மொட்டைகள் இறங்கின, தொப்பிகள் தீர்ந்தன. பெட்டி பிசிறில்லாமல் பாடியது. அனுசுயா புகார் சொல்வதை நிறுத்தியிருந்தாள். குக்கர் கூவிக் கூவி அடிப்பிடித்தாலும் எழுந்து போகமாட்டாள். எதைக் கேட்டாலும் முகத்தைப் பார்த்து "ஆங்" என்றாள்.

"முன்ன மாதிரி எதிர்த்துப் பேசறதே இல்லப்பா," என்று மணவாளன் கடைத்தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார். "பொட்டி வந்த நேரம், வூட்ல ஒரே அமைதி."

இப்பேர்ப்பட்ட சாதனையைத் தெரு நலச் சங்கம் கண்டுகொள்ளாமல் இருக்குமா? 'இல்ல ஒலிச் சாதனப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பொதுக்கூட்டம்' கூட்டப்பட்டது. அமைதியின் அவசியத்தைத் தெருமுனையில் நாலு பக்கமும் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் முழங்கின. சங்கத் தலைவர் சுப்பிரமணி மணவாளனுக்குச் சால்வை போர்த்தி, 'ஒலிக் காவலர்' என்ற பட்டத்தையும் வழங்கினார். மணவாளன் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

"காவலரின் துணைவியார் இரண்டு வார்த்தை பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்," என்றார் தலைவர்.

முன்வரிசையில் இருந்த அனுசுயா அசையவில்லை. மறுபடி அழைத்தார். அவள் சிரித்த முகமாக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா அடக்கம் பாரேன்," என்று கூட்டம் மெச்சியது.

கடைசியில் சக்திவேல் தோளைத் தொட்டு எழுப்பி மேடைக்குக் கூட்டிவந்தான். கையில் மைக்கைக் கொடுத்ததும் அனுசுயாவுக்கு விஷயம் புரிந்தது.

"எல்லாரும் வாயத் தொறந்து தொறந்து மூடினீங்க. நல்லதாத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு பயமா கீதுங்க. பொட்டிய எடுத்துகினு போன மாதிரி என்னையும் ஒருவாட்டி எடுத்துகினு போறீங்களா? சீட்டு கூட வேணாம். நின்னுகினே வரேன்."

மணவாளன் அவள் கையிலிருந்த மைக்கை வாங்கினார். தட்டிப் பார்த்தார். காதோடு வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் ஆழ்ந்த கவலை படர்ந்தது.

"தலைவரே, கோளாறு மைக்குலதான். யாரும் கவலப்படாதீங்க. காலைல மொத ட்ரெயினுக்கே ஷரீப் பாயாண்ட எடுத்துகினு போயிடறேன்."

வீட்டில் பெட்டி, மறுபடி மாட்டிய உறைக்குள், ஃபேன் காற்றில் பத்திரமாக இருந்தது. அன்று ராத்திரி அதற்குச் சால்வையும் போர்த்தினார். இப்படி ஒரு மனுஷர் அமைவதற்கு, அந்தப் பெட்டி கொடுத்து வைத்திருக்க வேண்டும்.