ஆதாரம் சாரும் பதினோராம் எண்ணும்

ஆதாரம் சாரைப் போல யாரையும் நம்பாத ஒரு மனிதரைக் காரைக்குடி அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப் போவதில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னால்கூட, எந்தக் காலண்டரில் பார்த்தாய் என்று கேட்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அவர் மாஸ்டர். அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே உதவி மாஸ்டர், அதாவது அவர் திட்டுவதற்கென்று வைத்திருந்த ஆள். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது.

இந்த வியாதி அவருக்கு டாக்டர்களிடமிருந்துதான் தொற்றியது. ஊரில் இருந்த டாக்டர்கள் சிலர் வைத்தியப் பத்திரிகைகளுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவார்கள். அதைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுக்க இவரை விட்டால் ஆள் கிடையாது. கட்டுரையில் வரும் ஒவ்வொரு சங்கதிக்கும், அதை முதலில் சொன்னவர் யார் என்று ஓர் எண் போட வேண்டும். உருளையை அரை வரி திருகி எண்ணை வரிக்கு மேலே ஏற்றி அடிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், பத்திரிகை, வருஷம், பக்கம் எல்லாம் வரிசையாக வர வேண்டும். பெயர் முதலில், இனிஷியல் பின்னால். இந்த விதிகள் அடங்கிய ஒற்றைத் தாளைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

ஒட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயருக்கு முன்னால் நாலைந்து எழுத்து வரிசை கட்டி நிற்கும். வருகைப் பதிவேட்டில் அத்தனையையும் தூக்கிப் பெயருக்குப் பின்னால் போட்டுவிட்டார். ஒரு பையனுடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் பாட்டன் பூட்டனையெல்லாம் பின்னால் தள்ள நீங்கள் யார் என்று சண்டை பிடித்தார். ஆதாரம் சார் சுவரில் இருந்த தாளைக் காட்டினார்.

இன்னொருவர் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் அடித்து வாங்க வந்தார். 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி' என்ற இடத்தில் டைப்ரைட்டர் நின்றுவிட்டது.

"எந்தப் பெரியவுக?"

"எல்லாரும் அப்படித்தானே போடுறாக."

"எல்லாரும் போடுறது கிடக்கட்டும். நிச்சயம் பண்ணினது யாரு, அதைச் சொல்லுங்க."

துருவித் துருவிக் கேட்டதில், நிச்சயம் பண்ணியது தரகர் என்று தெரியவந்தது. தரகர் பெயரைப் போடலாமா என்று இவர் கேட்க, வந்தவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இளம் டாக்டர் எங்களிடம் மாட்டினார். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவர்களின் கைப்புண் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அது அச்சில் வந்தால்தான் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். புதன்கிழமை சாயங்கால ரயிலில் தபால் போயாக வேண்டும் என்று திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுத்தார்.

பாதிக் கட்டுரை தாண்டியதும் சார் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாம்பல் சிமெண்ட் குழைக்கும் நாட்களில் புண் அதிகமாகிறது, வெள்ளைச் சிமெண்டில் குறைகிறது என்பது கவனிக்கப்பட்டுள்ளது என்று ஒரு வாக்கியம். கட்டுரைக்கே அதுதான் உயிர். அதற்கு எண் இல்லை.

"யாரு கவனிச்சாக?"

"பொதுவா கவனிச்சதுதான் சார்."

"பொதுவுக்கு இனிஷியல் என்ன டாக்டரய்யா?"

டாக்டருக்கு முகம் சிவந்துபோயிற்று. கடைசியில், கைக்குக் கட்டுப் போட வந்த சிவகாமி என்ற பெண் சொன்னது என்று ஒப்புக்கொண்டார். லண்டன்காரர்களும் பெர்லின்காரர்களும் இருக்கிற வரிசையில் கல் செய்கிற பெண்ணை எப்படிச் சேர்ப்பது, அப்படியே அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். சார் கட்டுரையை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். மூலத்தை நேரில் பார்க்காமல் குறிப்பிடக் கூடாது என்பது தாளில் உள்ள விதியாம். புத்தகம் என்றால் லைப்ரரிக்குப் போகலாம், ஆள் என்றால் பஸ்ஸில்தான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குக் கிளம்பினார்.

சிவகாமிக்கு நாற்பது வயதிருக்கும். பட்டறையில் கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்துச் சாயக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். சாரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் போலீஸ் கச்சேரி விவகாரம் என்று நினைத்துவிட்டார். டாக்டரிடம் தான் ஒன்றுமே சொல்லவில்லை என்று சாதித்தார். ஆளே மறுத்துவிட்டால் அந்த வாக்கியத்தைச் சார் அடிக்க மாட்டார், டாக்டரின் படிப்பு அதோடு சரி.

சார் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையைக் காட்டச் சொன்னார். சிவகாமி தயங்கித் தயங்கி நீட்டினார்.

"சாம்பல் சிமிட்டி பண்ணின வேலைய்யா இது. வெள்ளை குழைக்கிற வாரம் ஆறிப்போகும். மறுபடி சாம்பலைத் தொட்டா வந்திரும்."

"யாரும் சொல்லிக் கேட்டதா, நீங்களே கண்டதா?"

"என் கையி. நாந்தானே பாக்கணும்."

மூலமே கிடைத்துவிட்டது என்பதுபோலச் சார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இனிஷியலுக்காகத் தகப்பனார் பெயரைக் கேட்டு, கருப்பையா என்று எழுதிக்கொண்டார்.

சிவகாமிக்குப் பதினோராம் எண். அதனால் பழைய பதினொன்று பன்னிரண்டாகி, இருபத்தாறு இருபத்தேழாகிற வரைக்கும் அத்தனை பேரும் ஒரு படி நகர வேண்டும். மூன்று கார்பன் நகலில் அழித்துத் திருத்துவது நடக்காத காரியம். புதன்கிழமை காலையில் முதல் பக்கத்திலிருந்து புதிதாக அடிக்க ஆரம்பித்தார். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் தீர்த்தார். ரயில் கிளம்புகிற நேரத்துக்கு நான் சைக்கிளில் பறந்து போய்த் தபால் வண்டியில் உறையைச் சேர்த்தேன்.

சில மாதம் கழித்துக் கட்டுரை அச்சில் வந்தது. டாக்டருக்கு இடமும் கிடைத்தது. இனிப்பும் பத்திரிகையுமாக வந்து நின்றார். சார் இனிப்பைத் தொடவில்லை. நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பதினோராம் எண்ணில் யாரோ ஒரு பெர்லின்காரர் இருந்தார். வாய்மொழியாகச் சொன்னவர்களைப் பட்டியலில் சேர்க்கும் வழக்கமில்லை என்று, சிவகாமியின் பெயரை எடுத்துக் கட்டுரைக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்.

"பந்தியில உக்காந்த ஆளை எந்திரிக்க வச்சிட்டாகளே" என்றார் சார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு நாலு பக்கம் கண்டனக் கடிதம் அடித்தார். அதைத் தபாலில் போடுவதற்கு முன்னால் சிவகாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மறுபடி பஸ் ஏறினார். நானும்தான்.

நடந்ததைத் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார். சிவகாமிக்கு எழுத்துத் தெரியாது. தன் பெயர் எது என்று கேட்டார். சார் விரலை வைத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்டார். லண்டன், பெர்லின் ஆட்கள் என்றார் சார். சிவகாமி இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அவுகெல்லாம் பொடிசா கிடக்காக. நான் பெருசால்ல இருக்கேன்."

உண்மைதான். பட்டியல் முழுக்க எறும்பு எழுத்து, கட்டுரை பெரிய எழுத்து. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார். சிவகாமி பத்திரிகையை வாங்கி, சிமெண்ட் படாமல் முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

திரும்புகிற பஸ்ஸில் சார் கண்டனக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். அந்த மனிதரை மனதுக்குள் எத்தனையோ நாள் வைதிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஊர் வந்துவிடக் கூடாது, இன்னும் கொஞ்ச தூரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே போகலாம் என்று இருந்தது.