ஸ்ட்ராபெரிப் படம் போட்ட விளக்கு

விற்பவரே "வேண்டாம்" என்று சொல்லும் பொருளை, அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வருவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே இருக்கிறது.

கல்யாணமாகிக் கிள்ளானிலிருந்து கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிது. பகலில் கியா பார்ம் சந்தையில் ஒரு கடையில் ஸ்ட்ராபெரி விற்பேன். சாயங்காலம் வீட்டில் தைப்பேன். நான் பிரமாதமாகத் தைப்பேன் என்று தொழிலாளர் லைன் வீடுகள் பூராவும் சொல்லி வைத்திருந்தேன். (கிள்ளானில் நான் தைத்ததில் பெரும்பகுதி தலையணை உறை என்பதை மட்டும் சொல்லவில்லை.) அதை அப்படியே நம்பியவர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பெண்கள் கோலாட்டம் ஆடுவதாக முடிவானது. நாலு பேருக்கு மஞ்சள், நாலு பேருக்குச் சிவப்பு. ரவிக்கைகளைத் தானா ராத்தா டவுன் தையல்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றார் கமிட்டியில் இருந்த தனம் அக்கா. அத்தை அங்கேயே எழுந்து நின்றார்.

"டவுனுக்கு எதுக்குப் போவணும்? என் மருமக தைப்பா. நாந்தான் பொறுப்பு."

அத்தை பொறுப்பேற்று எதிலும் தலைகுனிந்ததில்லை என்பது அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டுக்கு வந்து சந்தோஷமாக இதைச் சொன்னபோதுதான் எனக்கு என் தலையணை உறைகள் ஞாபகம் வந்தன. நான் சொதப்பினால் போவது என் பெயர் அல்ல, அவர் பெயர்.

துணி வெட்டுவதுகூடப் பயமாக இல்லை. வெளிச்சம்தான் பிரச்சினை. ஹாலில் டியூப் லைட் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மெஷினில் குனிந்தால் என் தலை நிழல்தான் ஊசி மேல் விழும். ஹூக் வைக்கக் கட்டிலுக்குப் போவேன். குளிர் தாங்காமல் அடுப்புப் பக்கம் போய் ஓரம் அடிப்பேன். போகிற இடமெல்லாம் கூட வருகிற மாதிரி ஒரு கைவிளக்கு வேண்டியிருந்தது.

நான் வேலை செய்த கடைக்கு அடுத்த கடையிலேயே அது இருந்தது. எப்படி வேண்டுமானாலும் வளையும் கழுத்து, மெஷினைக் கவ்விப் பிடிக்கக் கிளிப், பவர் பேங்கில் சொருகினால் எரியும் வசதி. பெட்டியின் மேல் ஒரு ஸ்ட்ராபெரிச் செடியின் படம். விளக்குப் பெட்டியில் செடிக்கு என்ன வேலை என்று வேறு ஊர்க்காரர்கள் யோசித்திருப்பார்கள். கேமரன் மலையில் யார் யோசிப்பார்? இங்கே தலையணையில் ஸ்ட்ராபெரி, செருப்பில் ஸ்ட்ராபெரி, குடையில் ஸ்ட்ராபெரி. டூரிஸ்டுகளுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை முதலாளி ஒரு சீனர். எல்லோரும் தவுக்கே என்போம். எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

"தைக்கிறதுக்கா? இது வேணா லா. இது செடிக்கு. மனுசனுக்கு அந்தப் பக்கம் இருக்கு பாரு."

அந்தப் பக்கம் இருந்த மேசை விளக்குகள் இதைவிட விலை அதிகம். ஓஹோ, இதுதானா விஷயம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. (அந்த வயதில் எனக்கு எல்லாமே உடனே புரியும்.)

"செடிக்கே நல்லதுன்னா மனுசிக்குக் கெடுதலா பண்ணும், தவுக்கே?" என்றேன்.

"சரி லா, உன் இஷ்டம்" என்று பையில் போட்டுக் கொடுத்தார். கடை வாசலில் ஒரு தரம் எரியவிட்டுப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் லேசாக ரோஜா நிறம் அடித்தது. நாகரிகமாகத்தான் இருந்தது.

இருட்டியதும் வீட்டில் போட்டேன். நாகரிகம் எல்லை மீறிவிட்டது. சுவர், கட்டில், சாமி படம், அத்தையின் விபூதி எல்லாம் ஒரே ஊதா. தேயிலை லோரி ஓட்டிவிட்டு வந்த என் கணவர் சேகர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா விஜி, வீட்ட டிஸ்கோ ஆக்கிட்ட?"

தோல்வியை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. "ஊசிக்காது எவ்ளோ பளிச்சுன்னு தெரியுது பாருங்க!" என்றேன். அது உண்மைதான். தெரியாதது நிறம் மட்டுமே. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் துணியும் சிவப்பாகத் தெரிந்தது, சிவப்புத் துணியும் சிவப்பாகத் தெரிந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்திலேயே எல்லாவற்றையும் வெட்டினேன். மஞ்சள் என்றால் வலது பக்கம், சிவப்பு என்றால் இடது பக்கம். நிறத்தைப் பகலில் பார்த்தாகிவிட்டது, இருட்டில் தையல் தெரிந்தால் போதாதா? என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

திருவிழா அன்று ரவிக்கைகளுக்குக் கை வைப்பது மட்டும்தான் பாக்கி. மத்தியானமே பனி இறங்கி, சாயங்காலம் மழை கொட்டி, லைன் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. என்னுடைய கால் மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம், விளக்குக்கும் வேண்டாம். தோட்டத்திலேயே அந்த நேரத்தில் தைக்கக்கூடிய ஒரே பெண் நான்தான் என்று மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது, சுண்டல் பொட்டலம் கட்ட வெளிச்சம் வேண்டும் என்று அத்தை விளக்கைக் கொஞ்ச நேரம் அடுப்படிக்கு வாங்கிப்போனார். அந்த நேரம் பார்த்துக் கூரை ஒழுகி, கைத்துணிகளை வைத்திருந்த பக்கத்துப் பெஞ்சில் சொட்டியது. இருட்டில் பதறி, வலது பக்கம் இருந்த துணிகளை வலது கையிலும் இடது பக்கம் இருந்தவற்றை இடது கையிலும் அள்ளி, அப்படியே திரும்பிப் பின்னாலிருந்த கட்டிலில் வைத்தேன். விளக்கு திரும்பி வந்ததும் மெஷினைப் பார்த்து உட்கார்ந்து, மஞ்சள் உடம்புக்கு வலது பக்கமும் சிவப்பு உடம்புக்கு இடது பக்கமும் பின்னால் கையை நீட்டி எடுத்து எடுத்துத் தைத்தேன்.

கட்டிலைப் பார்த்து நிற்கும்போது வலதாக இருப்பது, மெஷினைப் பார்த்து உட்கார்ந்தால் இடது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கை முடிவதற்கும் வெளியே சேகர் ஹார்ன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் மடித்துப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். கோயிலில் ஜெனரேட்டர் ஓடியது. பின்கட்டில் வெள்ளை வெளேர் என்று டியூப் லைட். எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த கிராணி வீட்டு அம்மா, அதாவது எஸ்டேட் கிளார்க்கின் மனைவி, முதல் ரவிக்கையை எடுத்து உதறினார். மஞ்சள் உடம்பு. சிவப்புக் கை. அடுத்ததை உதறினார். சிவப்பு உடம்பு. மஞ்சள் கை. எட்டும் அப்படியே. ஒன்றுகூடத் தவறிச் சரியாகவில்லை.

"என்னாடி இது?" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

அவர் கவலை அழகைப் பற்றியது இல்லை. வாரக்கணக்காக அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே, "மூஞ்சியப் பாக்காதீங்கடி, கையப் பாருங்க. மஞ்சக்காரி செவப்புக் கையத்தான் அடிக்கணும், செவப்புக்காரி மஞ்சக் கைய" என்பதுதான். ஆட்டத்தில் நானும் ஒரு மஞ்சக்காரி.

"இன்னிக்கு மட்டும் கைய மறந்துடுங்க. மூஞ்சியப் பாருங்க, மூஞ்சிய!" என்று கெஞ்சி எங்களை மேடைக்குத் தள்ளினார்.

மேளம் தொடங்கியதும் எட்டு பேர் கண்ணும் பழக்கதோஷத்தில் கையைத் தேடிப் போனது. மஞ்சக்காரிகள் மஞ்சக்காரிகளையே அடித்தோம், சிவப்புக்காரிகள் சிவப்புக்காரிகளை. "ஐயோ", "ஏண்டி", "என் வெரலு" என்று பாட்டுக்கு நடுவே புதுப் பல்லவி கிளம்பியது. நான் ஓங்கி வீசிய கோல் யார் கோலிலும் படாமல் கையை விட்டு நழுவி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துரையின் மடியில் போய் விழுந்தது. தோட்டத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர் அவர். நம் வழக்கம் எதுவும் தெரியாது. இதுவும் ஒரு மரியாதை போல என்று எழுந்து நின்று, கோலை இரண்டு கையாலும் ஏந்தி, சபையைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

மைக் பிடித்திருந்தவர் பிழைக்கத் தெரிந்தவர். "நமது துரை அவர்கள் கோலாட்டத்தைத் தொடங்கி வைக்கிறார்!" என்றார். சபை கைதட்டியது. ஆட்டம் அதற்குள் முடிந்தே போயிருந்தது.

வேலை வெட்டி இல்லாத பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளவும் இல்லை. மேடையை விட்டு இறங்கும்போது தனம் அக்காவின் குரல் கேட்டது. வேண்டுமென்றே சத்தமாகத்தான் கேட்டார்.

"ஆமா, இத யாரு தைச்சது?"

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அத்தை எங்கேயாவது பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். மாற்றினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

"என் மருமகதான். நாந்தான் பொறுப்புன்னு அன்னிக்கே சொன்னேன்ல? இன்னிக்கும் நாந்தான் பொறுப்பு. அடுத்த வருசமும் அவதான் தைப்பா" என்றார் அத்தை.

அம்மா வீட்டை விட்டு வந்ததிலிருந்து நான் அழவே இல்லை. அன்று அந்தத் தூணைக் கட்டிக்கொண்டு, ஒரு சிவப்புக் கையால் கண்ணையும் இன்னொரு சிவப்புக் கையால் மூக்கையும் துடைத்து அழுதேன். இனி எங்கே போனாலும் என் வீடு இந்த மலையில்தான் என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை விளக்கை எடுத்தார். தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலதான் செடி படம் போட்டிருக்கே" என்று அடுப்படி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பிஸ்கட் டின்னில், இந்தக் குளிரில் சாகவும் மனமில்லாமல் வளரவும் மனமில்லாமல் ஒரு கறிவேப்பிலைக் கன்று நின்றிருந்தது. விளக்கின் கிளிப்பை டின்னில் மாட்டினார்.

எனக்கு ஒரு மேசை விளக்கையும் அத்தையே போய் வாங்கி வந்தார். (தவுக்கே இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.) அடுத்த வருஷம் நான்தான் தைத்தேன், எட்டும் சரியாக வந்தன, யாருக்கும் அது ஞாபகம் இல்லை. இன்றைக்கும் நான் ரசம் தாளித்தால் சேகர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "எந்தக் கை மஞ்சக் கை?" என்று கேட்காமல் சாப்பிட உட்காருவதில்லை. கறிவேப்பிலைக் கன்று டின்னை உடைத்துக்கொண்டு வளர்ந்து, இப்போது தொட்டியில் என் தோள் உயரம் நிற்கிறது. இந்தக் குளிரில் இது எப்படி இப்படி வளருது என்று கேட்டுக்கொண்டே அக்கம்பக்கத்தில் எல்லோரும் பறித்துப்போகிறார்கள், தனம் அக்கா உட்பட.

அத்தை எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்.

"என் மருமக பாத்துப் பாத்து வாங்குன லைட்டு லா. லைட்டுல ஒரு தப்பும் இல்ல. மொதல்ல மாட்டுன எடந்தான் தப்பு."