கடலுக்கு நாலு கதவு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, ஹாலின் நட்டநடுவில் நின்றுகொண்டு, கண்ணாடிக்காரர் வலது கையை உயர்த்தினார்.

"முப்பத்திரண்டு வருஷமா நடக்கற அநியாயத்துக்கு இன்னிக்கு ஒரு முடிவு கட்டப்போறேன்!"

நடைவழியில் தையல் மெஷின்மேல் குனிந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"குளியலறைக் குழாயைச் சரி பண்ணப்போறீங்களா?"

"குழாயா! நான் கலையைப் பத்திப் பேசறேன்!"

"சரிங்க. அதாச்சும் ஒழுகாது."

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி விற்கிறவர். கடைவீதியில் கடை. சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, "கடைசி வரியைப் படிங்க பார்ப்போம்" என்று ஊரையே படிக்க வைத்தவர். ஆனால் அவர் உயிர் கடையில் இல்லை. 'ஏழாம் மாடி' என்கிற ராக் இசைக் குழுவிடம் இருந்தது.

நாலு பேர், நாலு பேருக்கும் இடுப்புவரை முடி. அவர்கள் போட்ட 'ஈரச் செருப்பு' என்கிற இசைத்தட்டு அந்தக் காலத்தில் ஒரு கலக்குக் கலக்கியது. ஆடத் தெரியாதவர்கள்கூட ஆடினார்கள். அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று எல்லாரும் காத்திருந்தபோது வந்ததுதான் 'கடலுக்கு நாலு கதவு'. இரண்டு தட்டு, நாலு பக்கம், அறுபது வயலின். மீன்பிடிக்கப் போன ஒருவனின் கதையை ஒன்றேகால் மணி நேரம் பாடியிருந்தார்கள். அட்டையில் ஒரு எழுத்துகூட இல்லை, வெறும் கடல் படம். பாட்டுப் பட்டியல் போடுவதுகூடத் தங்கள் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பத்திரிகைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. தலைக்கனம் என்றன. குழுவும் கலைந்துபோனது.

பத்தொன்பது வயதில், முதல் நாளே வரிசையில் நின்று அதை வாங்கியவர் நம்மவர். அன்றிலிருந்து அதற்காக வாதாடிக்கொண்டே இருக்கிறார். இதுவரை ஒருவரும் மனம் மாறியதில்லை. உண்மையைச் சொன்னால், கடைசிப் பக்கம் ஓடும்போது அவரே கண்ணயர்ந்துவிடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆழ்ந்து கேட்பது'.

அந்தப் பாட்டுக்காகவே இரண்டு ஸ்பீக்கர் வாங்கினார். ஒவ்வொன்றும் பீரோ உயரம். ஹாலில் இருப்பதே ஒரு ஜன்னல். அதை மறைத்துக்கொண்டு இரண்டும் காவல்காரர்கள் மாதிரி நின்றன. ஜன்னலோரம் இருந்த தையல் மெஷின் நடைவழிக்குப் போனது. தலைக்கு மேலே ஈரத்துண்டு சொட்டும். வெளிச்சம் கிடையாது. ஊசியில் நூல் கோக்க அந்த அம்மாள் தெருவாசல் வரை போய்த் திரும்ப வேண்டும். பதினோரு வருஷம். பொறுமை என்பது கடவுள் சில பேருக்கு அளவு பார்க்காமல் கொடுத்துவிடுகிற வஸ்து.

"கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதாங்க?" என்று எப்போதாவது கேட்பாள்.

"ஸ்பீக்கர் மூச்சு விட வேண்டாமா?" என்பார்.

இப்படி இருக்கையில்தான் போன ஞாயிறு மாடி வீட்டுப் பல் டாக்டர் இறங்கி வந்தார்.

"மாப்பிள்ளே, உங்க பாட்டுல என் வீட்டு டம்ளரெல்லாம் நடக்குது. முதல் ரெக்கார்டு தங்கம், ஒத்துக்கறேன். ரெண்டாவது இருக்கே, அது சொத்தைப் பல்லு. பிடுங்கிப் போட்டாதான் நிம்மதி."

கண்ணாடிக்காரருக்கு உச்சந்தலையில் சூடேறிவிட்டது. "டாக்டர்! முழுசாக் கேட்டிருக்கீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கேளுங்க. கேட்டுட்டு நல்லா இல்லேன்னு நீங்க சொன்னா, இந்த ஸ்பீக்கரை ஹாலை விட்டே எடுத்துடறேன்!"

நடைவழியில் மெஷின் சட்டென்று நின்றது. "சாமி சாட்சியாவா சொல்றீங்க?"

"சாமி சாட்சியா! ஆனா, நல்லா இருக்குன்னு அவர் சொல்லிட்டா, ஸ்பீக்கர் எங்கே இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அதைப் பத்தி இந்த வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"

"நான் திறக்கவே மாட்டேங்க" என்றாள் அந்த அம்மாள். மறுபடி மெஷின் ஓடியது.

அந்த ஞாயிறுதான் இந்த ஞாயிறு.

பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, தன்னிடம் வருகிறவர்கள் உட்காருகிற மாதிரியே கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தட்டு சுழன்றது. மீன்காரன் மனைவியிடம் விடைபெற்றுப் படகில் ஏறினான். டாக்டர் தலையாட்டினார்.

"ம்... பரவாயில்லையே."

கண்ணாடிக்காரர் துள்ளிப் போய்த் தட்டைத் திருப்பிப் போட்டார். மீன்காரன் வீட்டில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். மனைவி அவன் தலையைத் துவட்டிக்கொண்டே பாடினாள்.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "அதுக்குள்ள வந்துட்டானா?"

"பொறுங்க, பொறுங்க!"

இரண்டாவது தட்டு. இப்போது நடுக்கடலில் புயல். அறுபது வயலினும் ஊளையிட்டன. திருப்பிப் போட்டார். மீன்காரன் கடலடியில் கிடந்தான்.

"நிறுத்துங்க மாப்பிள்ளே! வீட்டுக்கு வந்து வெந்நி குடிச்சவன் எதுக்குய்யா மறுபடி போய் மூழ்கறான்?"

"அதுதான் தத்துவம்! காலம் ஒரு வட்டம்! முடிவுதான் ஆரம்பம்!"

"எனக்குப் பசிதான் ஆரம்பம். நான் கிளம்பறேன்." டாக்டர் செருப்பைத் தேடினார்.

கண்ணாடிக்காரர் முகம் செத்துப்போனது. ஸ்பீக்கர்களை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கையில் மெல்லிய துணியோடு வந்து, வழக்கம்போலத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, தட்டு நடுவுல ஒட்டியிருக்கற இந்தக் கதவுப் படத்துக்குக் கீழே பொடி எழுத்துல நம்பர் போட்டிருக்கே, பார்த்தீங்களா?"

"நம்பரா?"

"இந்தத் தட்டுல ஒரு பக்கம் ஒண்ணு, பின்பக்கம் நாலு. அதுல ரெண்டும் மூணும்."

ஊர்க் கண்ணையெல்லாம் பரிசோதித்தவர் தட்டை வாங்கி மூக்குவரை கொண்டுபோனார், தூரத் தள்ளினார், டாக்டரின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

டாக்டர் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அட! எங்கப்பா வீட்டுல ஒரு பாட்டுப் பெட்டி இருந்துதே! ரெண்டு தட்டையும் மேலே அடுக்கி வெச்சுட்டா, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா விழும். அப்புறம் ரெண்டையும் ஒண்ணாத் திருப்பிப் போடணும். அதுக்குன்னே இப்படி நம்பர் போடுவாங்க. மாப்பிள்ளே, நீங்க முப்பத்திரண்டு வருஷமா..."

"சொல்லாதீங்க!"

"...ரெண்டுக்குப் பதிலா நாலைப் போட்டிருக்கீங்க! அந்தப் பத்திரிகைக்காரனுங்களும் அவசரத்துல இப்படித்தான் கேட்டிருப்பானுங்க போல!"

கண்ணாடிக்காரர் முதலிலிருந்து போட்டார். ஒன்று: புறப்பாடு. இரண்டு: புயல். டாக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மூன்று: கடலடி. அம்மம்மா! அறுபது வயலினும் ஒவ்வொன்றாக அடங்கி அடங்கி, ஒரே ஒரு துளி சொட்டுகிற ஓசை மட்டும் மிஞ்சியது. இந்த இடத்தில்தான் அவர் எப்போதும் தூங்குவார். இன்று கண்ணை அகல விரித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு...

டகடகடகடக.

"ஐயோ! இப்பத்தானா தைக்கணும்!"

"சாயங்காலம் கொடுக்க வேண்டிய ரவிக்கைங்க" என்று நடைவழியிலிருந்து பதில் வந்தது. அது நின்றதும் தெருவில் பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது.

நான்காம் பக்கத்தில் மீன்காரன் கரையேறி வீட்டுக்கு வந்தான். மனைவி தலையைத் துவட்டினாள். அதே பாட்டுதான். ஆனால் அவன் பிழைத்து வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கேட்டால் அது வேறு பாட்டு. டாக்டர் கர்ச்சீப்பை எடுத்தார்.

"மாப்பிள்ளே... 'ஈரச் செருப்பு' இதுக்கு முன்னாடி வெறும் செருப்புய்யா!"

கண்ணாடிக்காரர் குதித்தார். ஐம்பத்தொரு வயதுக் கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட்டன. "ஜெயிச்சுட்டேன்! கேட்டியா? ஜெயிச்சுட்டேன்!"

"கேட்டேங்க. மனசு நிறைஞ்சுபோச்சு" என்றாள் மனைவி, ஈரத்துண்டை விலக்கிக்கொண்டு. "அந்த மூணாவது பக்கத்துலதான் பஸ்சும் மெஷினும் சேர்ந்து கெடுத்துடுச்சு. பாவம், கடலுக்கு அடியில பஸ் ஏது!"

"அதான்! அதான் எனக்கும் ஆறலை!"

டாக்டர் பரபரத்தார். "சத்தமே வராத இடம் வேணும். பின்னாடி ஒரு ரூம் இருக்குல்ல?"

"பின்னறை!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். "தெருச் சத்தம் துளி வராது! பிடிங்க டாக்டர் அந்தப் பக்கம்!"

மனைவி வாயைத் திறந்தாள்.

"நீ பேசாதே! பந்தயம் ஞாபகம் இருக்கட்டும்! ஸ்பீக்கர் எங்கே இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்!"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு பேரும் மூச்சு வாங்க வாங்க இரண்டு ஸ்பீக்கரையும் பின்னறைக்குத் தள்ளினார்கள். அறை பெருக்கித் துடைத்திருந்தது. எதிரொலி வராதபடி பழைய மெத்தைகள் சுவரோரம் நிறுத்தியிருந்தன. ஸ்பீக்கர் வைக்க ஆறடி இடைவெளியில் இரண்டு பலகைகள். நடுவில் இரண்டு நாற்காலிகள். வெற்றி மயக்கத்தில் அவர் எதையும் கவனிக்கவில்லை.

பின்னறையில் இன்னொரு முறை முழுசாகக் கேட்டுவிட்டு, கண் கலங்க, தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

ஹால் பளிச்சென்று இருந்தது. ஜன்னலோரம் தையல் மெஷின். ஜன்னலில் புத்தம்புது நீலத் திரை, அளவெடுத்தாற்போல். அவள் உட்கார்ந்த இடத்திலேயே, ஒரே முயற்சியில், ஊசியில் நூலைக் கோத்தாள்.

அவருக்கு மெதுவாக என்னவோ புரிய ஆரம்பித்தது.

"ஏம்மா... அந்த நம்பரை நீ எப்போ பார்த்தே?"

"கல்யாணமான வருஷம். நீங்க கடைக்குப் போனதும் தினம் வரிசையாப் போட்டுக் கேட்பேனே. எவ்வளவு நல்ல பாட்டு!"

"இருபத்திநாலு வருஷமாவா! ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"திரை நேத்துத்தானே தைச்சு முடிஞ்சுது."