ஸ்கேலும் கையுமாக ஒருவர்

கம்ப்யூட்டர் விளையாட்டு மையங்களில் காணக்கிடைக்கும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் 'மவுஸ் திருத்துநர்' என்று வைத்துக்கொள்வோம். இவர் அதிகம் விளையாடுவதில்லை. விளையாடுகிறவரின் வலது கைக்குப் பின்னால் வந்து நிற்பார். நின்று, பெருமூச்சு விடுவார்.

சித்தூரில் இந்த இனத்தின் பிரதிநிதி சாம்ராஜ். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அவர் சுட்டு யாரும் விழுந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் மவுஸின் மேல் உள்ளங்கையை அமர்த்துவதா விரல்நுனியால் தொடுவதா, மணிக்கட்டைத் திருப்புவதா முழங்கையோடு இழுப்பதா என்று இணையத்தில் வந்த வீடியோக்களையெல்லாம் பார்த்து முடித்து, பையில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றையும் போட்டுக்கொண்டு வருவார். ஸ்கேல் எதற்கு? திரையில் இருக்கும் ஆள் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸ் மேசையில் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்று அளக்க.

ரூபாவுக்குப் பதினெட்டு. பாலிடெக்னிக்கில் படிக்கும் ரூபா மணிக்கட்டை லேசாக அசைப்பாள், எதிரி விழுவான். சித்தூர் அணி திருப்பதி இறுதிப் போட்டிவரை போனதே அந்தக் கையால்தான். ஜெயித்தால் ஹைதராபாத். போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது சாம்ராஜ் பெருமூச்சு விட்டார்.

"இன்னாம்மா, மணிக்கட்டுலயே ஆடிக்கினு கீற?"

"நல்லாத்தானண்ணா பட்டுக்கினு கீது?"

"இப்போ படும். முப்பது வயசுல நரம்பு போய்டும். மவுஸ் வேகத்தக் கொறச்சு, ஒரு சுத்துக்கு நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் வெச்சிக்கோ, முழங்கையிலருந்து இழு. அந்தே, அவ்ளோதான்."

குரலில் அவ்வளவு அக்கறை. அதுதான் கொடுமை. ரூபா நான்கு நாளும் அப்படியே பழகினாள். சித்தூர் மையத்தில் மேசை அகலம் என்பதால் குறை ஒன்றும் தெரியவில்லை.

திருப்பதியில் போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். சாப்பாட்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, ஆட்களை நெருக்கி உட்காரவைத்திருந்தார்கள். கீபோர்டு போக மவுஸுக்கு மிஞ்சியது ஒரு சாண். ரூபா மவுஸ் வேகத்தைப் பழைய அளவுக்கே மாற்றப் போனாள்.

"மாத்தாதம்மா, கை கொழம்பிப்பூடும்" என்றார் சாம்ராஜ்.

கடைசிச் சுற்று. எதிரணியில் ஒருவன் மிச்சம், சித்தூரில் ரூபா மட்டும். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். அரைச் சுற்றுத் திரும்ப வேண்டும். அதற்கு இருபத்திரண்டரை சென்டிமீட்டர். ரூபா முழங்கையோடு இழுத்தாள். மவுஸ் பக்கத்து ஆளின் கீபோர்டில் முட்டி நின்றது. அவளுக்குத் திரையில் தெரிந்தது வெறும் சுவர். அடுத்த நொடி ஆட்டம் முடிந்தது.

திரும்பும் ரயிலில் பாகாலா வரும்வரை ரூபா அழுதாள். சாம்ராஜ் ஆறுதல் சொன்னார்: "டெக்னிக்கு கரெக்ட்டும்மா. மேசதான் சின்னது." கூடப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு ரூபா மவுஸைத் தொடவில்லை. நரம்பு பத்திரமாக இருக்கிறது.

நீங்கள் இந்த விளையாட்டுப் பக்கமே போனதில்லையா? இருக்கட்டும். வீட்டில் யாரோ ஒருவர் நன்றாகவே செய்துகொண்டிருந்த வேலையைப் பார்த்து, மிகுந்த அக்கறையோடு, "அப்படி இல்ல, இப்படி" என்று நீங்களும் என்றைக்காவது சொல்லியிருப்பீர்கள். அவர் அந்த வேலையை இன்னும் செய்கிறாரா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.