மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போன ட்ரில் டீச்சர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சாலை விதிகளை ஒன்றுவிடாமல் மதித்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் லைசென்ஸ் கிடையாது.

ராஜபாளையத்தில் எங்கள் மகளிர் விடுதியில் அவரை ட்ரில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் அங்கே ஒரு நூல்மில் ஆபீசில் டைப்பிஸ்ட். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் சங்கிலி கிடையாது, விசில்தான். அதை ஊதித்தான் காலையில் எங்களை எழுப்புவார். குளியலறையில் பாட்டுப் பாடுகிறவர்களை வெளியே வரவழைப்பதும் அதே விசில்தான்.

அவருக்கு இருந்த ஒரே கவலை பள்ளியின் கோ-கோ அணி. அணிப் பெண்கள் விடியும்போதே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். டீச்சர் ஏற வேண்டிய பஸ்ஸோ மில் ஷிப்ட் ஆட்களை அடைத்துக்கொண்டு, நிறுத்தத்தில் நிற்காமலே போய்விடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினால் பள்ளிக்கூட மணி அடிக்கும். பயிற்சியே இல்லாத அணி அந்த வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது.

"பிள்ளைகளா தோத்துச்சு? அந்த பஸ்ஸுல்லா தோக்கடிச்சிருச்சு!" என்று பொருமினார். பொருமினதோடு நிற்கவில்லை, ஒரு சிவப்பு மொபெட்டை வாங்கி வந்துவிட்டார்.

வாங்கினாரே தவிர, ஏறவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஏறக் கூடாதாம். ஆனால் வண்டிக்கு ரோடு பழக வேண்டுமாம். அதனால் சாயங்காலமானால் கடைத்தெரு வரை தள்ளிக்கொண்டே போய்வருவார்.

"என்ன டீச்சர், பெட்ரோல் தீந்துபோச்சா?"

"பெட்ரோல் ஃபுல்லா இருக்கு. லைசென்ஸ்தான் இல்ல."

தள்ளும்போதும் திருப்பத்தில் கை காட்டுவார். கை காட்ட ஒரு கையை எடுத்தால் வண்டி சாயும். ஒருமுறை கொய்யாப்பழக்காரம்மாவின் கூடை மேலேயே சாய்ந்தது. அந்தம்மா ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டி முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, "நான் சிக்னல் காட்டினேனே, நீங்க பாக்கலையா?" என்று கேட்டார்.

முக்கில் நின்ற போலீஸ்காரருக்கே மனசு கேட்கவில்லை. "ஏறி ஓட்டிட்டுப் போங்க டீச்சர், நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க சொல்லாட்டா நான் சொல்லுவேன், எம்மேல கேஸ் எழுதுங்கன்னு."

அப்போதுதான் லைசென்ஸுக்கு முன்னால் ஓட்டிப் பழகத் தருகிற எல்.எல்.ஆர். வாங்குவதற்கே சாலை விதிகளில் வாய்மொழிக் கேள்விகள் உண்டு என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. டீச்சர் விண்ணப்பம் போட்ட அன்றே விடுதி முற்றத்தில் போக்குவரத்து தொடங்கிவிட்டது. பாங்கியில் வேலை பார்ப்பவள் லாரி. நடை மெதுவு என்பதால் நான் மாட்டு வண்டி. சமையல்கார அக்கா ஆம்புலன்ஸ். சாம்பார் வாளியோடு வாயால் ஊளையிட்டுக்கொண்டு ஓடிவந்தால் நாங்கள் எல்லோரும் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்காதவர்களுக்கு விசில்.

தேர்வு நாளன்று மில்லுக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் போட்டிருந்தார். பெயர் கேட்டார், தகப்பனார் பெயர் கேட்டார், கையெழுத்துப் போட்டார். வரிசை வேகமாக நகர்ந்தது, டீச்சர் முறை வரும்வரை.

"டீச்சரா? பாஸ், போங்க."

"கேள்வியே கேக்கலையே சார்."

"உங்களை என்னத்தைக் கேக்கிறது?"

"படிச்சிட்டு வந்திருக்கேன். கேளுங்க."

அட்டென்ஷனில் நின்றார். வரிசை முனகியது. இன்ஸ்பெக்டரும் வேறு வழியில்லாமல் கேட்கத் தொடங்கினார். டீச்சர் தடதடவென்று பதில் சொன்னார். கடைசியாக இன்ஸ்பெக்டர், "ரோட்டுல எதுக்கு முதல்ல வழி விடணும்?" என்றார்.

"பெருமாள் பல்லக்குக்கு சார்."

"புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

"புத்தகத்துல போடல. ஆனா ரோட்டுல வருதாரே. தூக்கிட்டு வாரவுகளுக்கு ரிவர்ஸ் கியரும் கிடையாது."

வரிசை கொல்லென்று சிரித்தது. தன்னைக் கேலி செய்கிறார் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றிவிட்டது. "ஃபெயில். அடுத்த முகாமுக்கு வாங்க."

வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன், "பாஸுன்னு சொன்னப்பவே வந்திருக்கக் கூடாதா டீச்சர்? பிள்ளைக காத்துக்கெடக்கே."

"அவிய கேட்டாக, நான் பாத்ததைச் சொன்னேன். பொறவு வருவோம்ட்டி" என்றார். மறுநாள் காலையில் விசில் கேட்கவில்லை. விடுதியில் அத்தனை பேரும் வேலைக்குத் தாமதமாகப் போனோம்.

அடுத்த முகாமுக்கு முன்னால் ஆடிப்பூரம் வந்தது. கருட சேவைக்காகத் திருவண்ணாமலைப் பெருமாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் எழுந்தருளுகிற நாள். தீபத்துக்குப் போகிற திருவண்ணாமலை இல்லை, இது எங்கள் பக்கத்து மலை. கூட்டத்தில் டீச்சரும் நானும் நின்றிருந்தோம். குறுகலான தெருவில் பல்லக்கு வருகிறது. எதிரே ஒரு ஜீப் ஆரன் அடித்துக்கொண்டு வருகிறது. உள்ளே நம் இன்ஸ்பெக்டர்! பல்லக்குத் தூக்கிகளால் நிற்க முடியவில்லை. ஜீப்புக்குப் பின்னால் ஜனம். டிரைவர் திருதிருவென்று விழித்தார்.

விசில் சத்தம் கேட்டது.

டீச்சர் நடுத்தெருவில் இறங்கி நின்று, கூட்டத்தை ஒரு கையால் விலக்கி, ஜீப்பை மறு கையால் சைகை காட்டிப் பின்னுக்கு வரவழைத்தார். "லெஃப்ட்ல ஒடி... செத்த நேரம் நில்லு... இப்ப வா!" ஜீப் பிள்ளைப்பூச்சி மாதிரி பக்கத்துச் சந்துக்குள் போய் ஒடுங்கியது. பெருமாள் ஆடி அசைந்து கடந்து போனார்.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து கும்பிட்டார், பெருமாளையா டீச்சரையா என்று தெரியவில்லை. "நாளைக்கே வாங்க டீச்சர், போட்டுத் தந்துடறேன்."

"ரோட்டுல வச்சு பாஸ் போடக் கூடாது சார். முகாம்ல கேளுங்க."

முகாமில் அதே கேள்வியைக் கேட்டார். டீச்சர் விறைப்பாக நின்று சொன்னார்: "புத்தகப்படி தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ். இந்த ஊர்ப்படி பெருமாள் பல்லக்கு."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விடியுமுன் கிளம்பி விடுதியிலிருந்து தள்ளியே கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்த மொபெட்டில் டீச்சரே எல் போர்டைக் கட்டினார். ஸ்டாண்டை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, இதை எப்படி ஓட்டுதது?"

அத்தனை மாதம் தள்ள மட்டுமே தள்ளியிருந்தார். அன்றும் பள்ளி மைதானம் வரை தள்ளிக்கொண்டுதான் போனோம். அங்கே கோ-கோ பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவே அவர்களுக்கு நல்ல பயிற்சியாகிவிட்டது. பிறகு விடியும்போது மைதானத்தில் முதலில் நிற்பது சிவப்பு மொபெட்தான். அடுத்த வருஷம் அந்த அணி கோப்பையோடு ஊர் திரும்பியது. மில் ஆபீசில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்தச் சூட்டோடு நானும் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்தேன். அதே இன்ஸ்பெக்டர்தான். விலாசத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த டீச்சர் இருக்கிற விடுதியா?"

"ஆமா சார்" என்றேன்.

"அப்ப கேள்வி கேட்டுத்தான் ஆகணும்" என்று பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் வேறு எதற்கும் 'ஆமா' சொன்னதில்லை.