விளக்கணைக்கும் விரல்கள்

வாசகரே, நம் ஊர்களுக்கு மின்சாரம் வந்தபோது அதன் பின்னாலேயே ஒரு ஜீவராசியும் வந்து சேர்ந்தது. அதன் பெயர் விளக்கணைப்பவர். கம்பி இழுத்து, பல்பு மாட்டி, ஊரைக் கூப்பிட்டு வெளிச்சம் காட்டிய மறுநாளிலிருந்து, அந்த வெளிச்சத்தை ஒழித்துக் கட்டுவதையே லட்சியமாகக் கொண்டவர் அவர். அவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? முழங்காலைத் தடவிப் பாருங்கள். வீக்கம் இருந்தால் போயிருக்கிறீர்கள்.

ஆம்பூர் தோல் வியாபாரி ஜியாவுல்லா சாகிபைப் பாருங்கள். மனைவி மாவு பிசைந்தால் விளக்கை அணைப்பார். பிசையக் கை போதும். சாப்பிட உட்கார்ந்தால் அணைப்பார். வாய் இருக்கும் இடம் கைக்குத் தெரியாதா? எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால், தூக்கம் வந்துவிட்டதென்று அணைப்பார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டர் சக்கரம் நின்றதா என்று பார்க்கப் போவார். இருட்டில் சக்கரம் தெரியாது. ஆகவே மீட்டருக்கு மேலே உள்ள பல்பைப் போடுவார். சக்கரம் சுற்றும்.

"கரண்டு எங்கியோ ஒழுகுது!" என்று வீடெல்லாம் ஓடுவார்.

"அஜி, தலைக்கு மேல பாருங்க," என்பாள் மனைவி அக்தரி பேகம்.

"அது கணக்கு பாக்குற பல்பு. அதுல சேராது."

மகள் வஜீதாவுக்கு உருதுக் கதைப் புத்தகமென்றால் உயிர். பகலெல்லாம் வீட்டு வேலை. வாசிக்க இரவு மட்டும்தான். இரண்டு வரி நகர்வதற்குள் சுவிட்ச் 'டக்' என்னும். கதாநாயகி கிணற்றில் குதித்தாளா இல்லையா என்று தெரியாமல் மாதக்கணக்காகத் தவித்தாள். அதனால், வாணியம்பாடியிலிருந்து சம்பந்தம் வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மீ, அவங்க வூட்டுல எத்தினி பல்பு?"

"ஏழாம்டி!"

"அப்ப சரி. மாப்பிள்ள எப்டி இருந்தா இன்னா?"

மாப்பிள்ளையின் தகப்பனார் நிசார் அஹமதும் தோல் வியாபாரிதான். பேச வந்தார், சர்பத் குடித்தார். "பேசறதுக்கு வாய் போதும் பாய்," என்று ஜியாவுல்லா விளக்கை அணைத்தார். இருட்டில் கல்யாணப் பேச்சு நடந்தது. திடீரென்று எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. விளக்கைப் போட்டால், நாற்காலி காலி!

"போய்ட்டாரே! உங்க பல்பு புத்தியால எம்பொண்ணு வாழ்க்க போச்சே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து அலறினாள் அக்தரி பேகம்.

வாசல் பக்கம் 'டக்' என்றது. நிசார் அஹமது கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும் பாய். நான் வர்றதுக்குப் போட்ட வாசல் பல்பு சும்மா எரிஞ்சிது. மனசு கேக்கல."

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

"உங்க வூட்டுல ஏழு பல்புன்னாங்களே?" என்றாள் அக்தரி பேகம், குரல் இறங்க.

"இருக்குதே. எல்லாம் வாங்கின மாதிரியே புதுசா இருக்குது."

திரை அசைந்தது. வஜீதா பேசினாள்: "என் ரூம்ல ராத்திரி ஒரு பல்பு எரியணும். யாரும் அணைக்கக் கூடாது. நிக்காஹ் பத்திரத்துல எழுதினாத்தான் சம்மதம் சொல்லுவேன்."

எரியட்டும், ஆனால் எத்தனை வாட்? தோல் மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் முடிப்பார்கள். துண்டு விரிந்தது. ஒரு விரலுக்குப் பத்து வாட். நிசார் அஹமது ஜியாவுல்லாவின் ஒற்றை விரலைத் தொட்டார்.

ஜியாவுல்லா அதற்கே மகிழ்ந்துபோயிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. எரியப்போவது அவர் மீட்டரில் அல்லவே! சம்பந்தியின் ஐந்து விரலையும் அள்ளிப் பிடித்தார். விட்டுவிட்டு மறுபடியும் ஐந்தையும் பிடித்தார்.

"நூறா!" மண்டி மரபை மறந்து வாய்விட்டே கத்தினார் நிசார் அஹமது.

"படிக்கிற புள்ள பாய். கண்ணு கெட்டுடும். கம்மி பண்ணாதீங்க," என்றார் ஜியாவுல்லா, பிடித்த விரல்களை விடாமல்.

அறுபதில் முடிந்தது. பத்திரத்திலும் ஏறியது. வஜீதா இப்போது வாணியம்பாடியில் கண் வலிக்க வலிக்க வாசிக்கிறாள். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த விளக்கின் கீழ் விடியும்வரை உட்கார்ந்திருக்கும் தகப்பனாருக்கு ஒரே ஒரு குறைதான்: வெளிச்சம் போதவில்லை.

சிரித்தது போதும், வாசகரே. இதை எந்த வெளிச்சத்தில் வாசித்தீர்கள்? உங்கள் மீட்டரா, ஊரார் மீட்டரா? ஊரார் மீட்டர் என்றால் அவசரமே இல்லை; முதலிலிருந்து இன்னொரு முறை வாசியுங்கள்.